இட்சுகியின் ஆசை: ‘இனிஷியல் டி’ தொடரில் நண்பன் செய்யும் வேலை

டகுமி ஃபுஜிவாராவுக்குக் கார் மேல் ஆசையே கிடையாது. ‘இனிஷியல் டி’ அனிமேயைப் பார்க்கத் தொடங்கும் எவரையும் முதலில் உறுத்துவது இதுதான். மலைப்பாதைக் கார்ப்பந்தயத்தைப் பற்றிய கதை. அதன் நாயகனோ பள்ளி இறுதியாண்டு படிக்கும் பையன், எதிலும் பிடிப்பில்லாமல் அரைத்தூக்கக் கண்களோடு பெட்ரோல் பங்கில் பகுதிநேர வேலை பார்க்கிறான். பங்கில் எல்லோரும் வாய் ஓயாமல் பேசும் ‘எண்பத்தாறு’ என்பது எந்தக் கார் என்றுகூட அவனுக்குத் தெரியாது. அவன் அப்பாவின் டோஃபுக் கடை வாசலில் நிற்பதும், 13 வயதிலிருந்து விடியற்காலைதோறும் மலையுச்சி ஏரிக்கரை ஓட்டலுக்கு டோஃபு ஏற்றிக்கொண்டு அவன் ஓட்டிவருவதும் அதே கார்தான்.

அந்தக் காருக்காக ஏங்குகிறவன் அவன் பக்கத்தில் நிற்கும் இட்சுகி டகெயுச்சி. அதே பள்ளி, அதே பங்க், அதே வேலை. கார் இதழ்களைப் படித்து மனப்பாடம் செய்தவன். உள்ளூர் அணியான ‘அகினா ஸ்பீட்ஸ்டார்ஸ்’ தன்னைச் சேர்த்துக்கொள்ளாதா என்று அதன் தலைவன் இகெடானியின் பின்னாலேயே சுற்றுகிறவன். ஒவ்வொரு காட்சியிலும் கத்துகிறான், குதிக்கிறான், அழுகிறான். ரசிகர்களில் பலர் அவனைச் சிரிப்புக்காகச் சேர்த்த பாத்திரம் என்று ஒதுக்கிவிடுவார்கள். எரிச்சலூட்டுகிறவன் என்று சொல்கிறவர்களும் உண்டு. நான் இதை ஏற்கவில்லை. தொடரின் முதல் பாதியை முன்னே தள்ளும் ஆசை முழுவதும் இட்சுகியிடம்தான் இருக்கிறது. டகுமி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அவனிடமிருந்து பெற்றுக்கொள்கிறான். இட்சுகியை எடுத்துவிட்டால் டகுமி காலம் முழுக்க டோஃபு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து தூங்கியிருப்பான்.

ஷிகெனோ ஷூயிச்சி வரைந்த ‘இனிஷியல் டி’ மாங்கா, கோடன்ஷா நிறுவனத்தின் ‘யங் மேகசின்’ வார இதழில் 1995 முதல் 2013 வரை வெளிவந்தது, 48 தொகுதிகள். அனிமேயின் முதல் பருவமான ‘ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்’ 1998இல் 26 அத்தியாயங்களாக ஒளிபரப்பானது. கதை நடப்பது ஜப்பானின் குன்மா மாவட்டத்தில், ஷிபுகாவா நகரைச் சுற்றி. கதையில் வரும் அகினா மலை, அங்கே நிஜத்தில் இருக்கும் ஹருனா மலைதான். வளைவுகளில் காரைச் சறுக்கவிட்டு ஓட்டும் ‘டிரிஃப்ட்’ முறையை உலகறியச் செய்த பந்தய வீரர் சுசியா கெய்ச்சி அனிமேக்கு ஆலோசகராக இருந்தார். இரவில், பொதுச்சாலையில், சட்டத்துக்குப் புறம்பாக, உயிரைப் பணயம் வைத்து நடந்த பந்தயங்களே இந்தக் கதையின் களம். இது கற்பனை, சாலையில் விதிகளை மதித்து ஓட்டுங்கள் என்ற அறிவிப்பைத் தயாரிப்பாளர்கள் அனிமேயிலேயே போட்டார்கள்.

ஷிகெனோவுக்கு இது முதல் வண்டிக் கதை இல்லை. 1983 முதல் 1991 வரை மோட்டார்சைக்கிள் பந்தயத்தை வைத்து ‘பாரி பாரி டென்செட்சு’ என்ற மாங்காவை வரைந்தார். அது 1985இல் கோடன்ஷா மாங்கா விருது பெற்றது. அதில் நாயகனுக்கு நிகராக ஓட்டக்கூடிய ஹிஜிரி ஹிதெயோஷி முதலில் எதிரியாக வந்து பிறகு தோழனாகிறான். கடைசியில் விபத்தில் இறந்துபோகிறான். அவனுடைய சாவு நாயகனின் தோளில் ஏறி உட்கார்ந்து கதையை நடத்துகிறது. அடுத்த பெரிய கதைக்கு ஷிகெனோ தேர்ந்தெடுத்த நண்பன் இதற்கு நேர்மாறானவன். சாகிற அளவுக்கு வேகமாக ஓட்டத் தெரியாதவன், எதிரியாக வர வாய்ப்பே இல்லாதவன். நிகரானவர்களின் நட்பை எழுதுவது எளிது. திறமையில் இவ்வளவு இடைவெளி உள்ள இருவருக்கிடையே பொறாமை நுழையாத நட்பை எழுதுவது கடினம். அதைச் செய்துகாட்டியிருப்பதால்தான் இந்தப் பாத்திரத்தை மதிக்கிறேன்.

தோழனை வைத்துக் கதை சொல்லும் மரபில் ஒரு வழக்கம் உண்டு. நாயகனுக்கு எல்லாம் தெரியும். தோழன் ஒன்றும் தெரியாமல் கேள்வி கேட்பான். நாயகன் விளக்க, வாசகனுக்கும் விளங்கிவிடும். ஷெர்லக் ஹோம்ஸும் வாட்சனும் அப்படித்தான். ‘இனிஷியல் டி’ இதைத் தலைகீழாக்குகிறது. பெயர்களெல்லாம் இட்சுகிக்குத் தெரியும்: இது ஆர்எக்ஸ்-7, அது ஜிடி-ஆர், இது நாலு சக்கர இழுவை, அது டர்போ. டகுமிக்கு ஒரு பெயரும் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கையிலும் காலிலும் இருக்கிறது. அப்பா புன்டா காரில் வைத்த தண்ணீர்க் குவளை தளும்பாமல் வளைவுகளில் இறங்கப் பழகிய உடம்பின் அறிவு அது. அந்த அறிவை அவனால் சொல்லில் கொண்டுவர முடியாது. அவன் செய்தது என்ன என்பதைப் பார்வையாளர்களுக்கும், பல நேரங்களில் அவனுக்கேயும், எடுத்துச் சொல்லப் பக்கத்தில் ஒருவன் வேண்டும்.

நம் அகப்பொருள் மரபில் தலைவனுக்குப் பாங்கன் என்றொரு தோழன் உண்டு. தலைவன் காதலில் உருகி நிற்பான். பாங்கன் அவனை இடித்துரைத்து நிதானப்படுத்தப் பார்ப்பான். ஆசை தலைவனுடையது, அறிவுரை தோழனுடையது. குன்மா மலையடிவாரத்தில் இந்தப் பங்கீடு புரண்டுகிடக்கிறது. உருகுகிறவன் தோழன், ‘எதற்கு இதெல்லாம்’ என்று நிற்கிறவன் தலைவன். டகுமி முதல் பந்தயத்தில் இறங்கிய காரணத்தைப் பார்த்தாலே இது தெரியும். அகினா ஸ்பீட்ஸ்டார்ஸின் மானமோ தன் பெருமையோ அவன் மனதில் இல்லை. நட்சுகி என்ற பெண்ணோடு கடற்கரைக்குப் போக அவனுக்குக் கார் தேவைப்பட்டது. பந்தயத்தில் ஜெயித்தால் காரும் தருகிறேன், டாங்க் நிறையப் பெட்ரோலும் போட்டுத்தருகிறேன் என்று அப்பா சொன்னார். பேரம் படிந்தது. அவ்வளவுதான்.

அந்தப் பந்தயத்தில், சவால் விட்டு வந்த ரெட்சன்ஸ் அணியின் கெய்சுகே தகாஹாஷி தோற்றதும் குன்மா முழுக்கப் பேச்சாகிறது. இப்போது இட்சுகி ஒரு காரியம் செய்கிறான். மியோகி மலையின் நைட்கிட்ஸ் அணியைச் சேர்ந்த நகாசாடோ, நிசான் ஜிடி-ஆர் காரோடு வந்து டகுமியைச் சவாலுக்கு அழைக்கிறான். டகுமியை ஒரு வார்த்தை கேட்காமல் இட்சுகியே அந்தச் சவாலை ஏற்றுக்கொள்கிறான். டகுமிக்குக் கோபம் வருகிறது, போகப்போவதில்லை என்கிறான். நான் பந்தயக்காரன் இல்லை, எனக்கு எதற்கு இந்த வீம்பு என்பது அவன் நிலை. இட்சுகி செய்தது தவறுதான். நண்பனின் பெயரை அவன் அனுமதியில்லாமல் செலவழித்துவிட்டான். ஆனால் அவன் தன் புகழுக்காக அதைச் செய்யவில்லை. அவனைப் பொறுத்தவரை, இப்படி ஓட்டத் தெரிந்த ஒருவன் சவாலை மறுப்பான் என்பதே கற்பனைக்கு எட்டாதது. தனக்கு அந்தக் கை இருந்திருந்தால் என்ன செய்திருப்பானோ அதை நண்பனுக்காகச் செய்தான்.

இதையடுத்து, இட்சுகி வாங்கும் ‘எண்பத்தைந்து’ காரைச் சுற்றி வரும் காட்சிகளே முதல் பருவத்தின் இதயம் என்பேன்.

இட்சுகி சம்பளத்தைச் சேர்த்துவைத்து ஒருவழியாகக் கார் வாங்குகிறான். டொயோட்டா கொரோலா லெவின். எண்பத்தாறுதான் என்று நம்பி வாங்கியது, உண்மையில் எண்பத்தைந்து. இந்த ஓர் எண் வித்தியாசம் என்ன என்று தெரிந்தால்தான் அந்த அடி எவ்வளவு ஆழமானது என்பது புரியும். 1983இல் டொயோட்டா கொரோலா வரிசையின் பெரும்பகுதியை முன்சக்கர இழுவைக்கு மாற்றியது. லெவின், ட்ரூனோ என்ற இரண்டு விளையாட்டு வடிவங்களை மட்டும் பழையபடி பின்சக்கர இழுவையிலேயே விட்டுவைத்தது. அந்த உடலில் 1.6 லிட்டர், இரட்டைக் கேம்ஷாஃப்ட், 16 வால்வு கொண்ட 4ஏ-ஜிஇ இன்ஜின் பொருத்தியது ஏஈ86. திறன் 130 குதிரைத்திறன் என்று நிறுவனம் அறிவித்தது. அதே உடலில் 1.5 லிட்டர், ஒற்றைக் கேம்ஷாஃப்ட் 3ஏ இன்ஜின் வைத்தது ஏஈ85. அதன் திறன் எண்பதைச் சற்றே தாண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வார்ப்பு. மலையேறும்போது ஒன்று பாயும், மற்றது மூச்சுவாங்கும். கார்ப் பெயர்களையெல்லாம் ஒப்பிப்பவன் தன் காரின் பெயரிலேயே ஏமாந்துவிட்டான்.

இகெடானியும் அவன் அணித்தோழன் கென்ஜியும் அதைப் பார்த்துச் சிரித்துவிடுகிறார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல் வெடித்துவரும் சிரிப்புதான் அது; ஆனாலும் இட்சுகிக்கு நெஞ்சு உடைந்துபோகிறது. பிறகு அவன் டகுமியை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போக, அங்கே வந்திருந்த வேறு ஓட்டிகளும் கேலி பேசுகிறார்கள். இந்தமுறை அது கெட்ட எண்ணத்தோடு சொன்ன கேலி. இதுவரை எந்தப் பந்தயமும் தொடாத டகுமியின் நரம்பை இது தொடுகிறது. சாவியைக் கொடு என்கிறான். அந்த 85ஐ, மூச்சுவாங்கும் அதே காரை, இட்சுகியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் கேலி பேசியவர்களை இறக்கத்தில் முந்திக் காட்டுகிறான்.

இது நாயகனின் திறமையைக் காட்டும் இன்னொரு காட்சி மட்டும் என்று நினைத்தால் பாதியைத் தவறவிடுகிறோம். டகுமி தன் காரை ஒருவர் இகழ்ந்தபோது சும்மா இருந்தவன். நண்பனின் காரை இகழ்ந்ததும் அவனுக்கு வலித்தது. ஒரு காரைத் தன் மானத்தோடு சேர்த்துப் பார்ப்பது என்றால் என்ன என்பதை அன்றுதான் உணர்கிறான், அதுவும் இட்சுகியின் வழியாக. அதற்குப் பிறகே நகாசாடோவின் சவாலை ஏற்க அவனால் முடிகிறது. இட்சுகி வாயால் ஏற்ற சவாலை டகுமி மனதால் ஏற்க, இடையே அந்த மலிவான 85 தேவைப்பட்டது. ஆசை ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்குக் கைமாறிய இடம் அந்தக் காரின் முன்னிருக்கைகள் என்று துல்லியமாகச் சுட்டிக்காட்ட முடிகிறது. கதையமைப்பில் இவ்வளவு சிக்கனமாக அமைந்த காட்சிகள் நெடுந்தொடர்களில் அரிது.

காட்சி ஊடகமாகப் பார்த்தாலும் இட்சுகிக்கு ஒரு வேலை இருக்கிறது. 1998இல் அனிமேயில் கார்களைக் கணினியில் முப்பரிமாணமாக உருவாக்கினார்கள். மனிதர்கள் கையால் வரையப்பட்டார்கள். அன்றைய கணினி வரைகலையில் கார்கள் பொம்மைகள் போல வழுக்கிச் செல்கின்றன. எடை தெரிவதில்லை, சாலையின் கரடுமுரடு தெரிவதில்லை. நாயகன் முகமோ எந்த உணர்ச்சியையும் காட்டாது. அப்படியென்றால் 100 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் கொண்டை ஊசி வளைவுக்குள் நுழைவதன் பயம் பார்வையாளருக்கு எங்கிருந்து வரும்? பயணி இருக்கையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அலறும் முகத்திலிருந்து வரும். வளைவோரம் தடுப்புக்கம்பிக்குப் பின்னால் நின்று வாயைப் பிளக்கும் முகத்திலிருந்து வரும். பின்னணியில் ஒலிக்கும் யூரோபீட் நடன இசை வேகத்தைத் தருகிறது. உயிர்பயத்தையும் பரவசத்தையும் இட்சுகியும் இகெடானியும்தான் தருகிறார்கள். அந்தப் பழைய வரைகலையைப் பொறுத்துக்கொண்டு இன்றும் முதல் பருவத்தைப் பார்க்க முடிவதற்கு இந்த முகங்கள் ஒரு முக்கியக் காரணம்.

குரலையும் சொல்ல வேண்டும். இட்சுகிக்குக் குரல் கொடுத்தவர் இவாடா மிட்சுவோ. 1988இல் வந்த ‘அகிரா’ திரைப்படத்தில் சிவப்பு மோட்டார்சைக்கிளில் கும்பலுக்குத் தலைமை தாங்கும் கனேடாவுக்குக் குரல் கொடுத்தவரும் இவர்தான். ஜப்பானிய அனிமே வரலாற்றின் மிகப் பிரபலமான வண்டியோட்டிகளில் ஒருவனின் குரல், பத்து ஆண்டுகள் கழித்து, சரியாக வண்டியோட்டத் தெரியாத ஒரு பையனின் தொண்டையிலிருந்து வருகிறது. இவாடா அந்தக் குரலைக் கீச்சிடும் எல்லைவரை கொண்டுபோகிறார்; ‘டகுமி!’ என்று இழுத்துக் கூப்பிடுவதில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் செய்கிறார். ஆனால் 85 பற்றித் தெரிந்து நொறுங்கும் இடத்தில் குரல் தாழ்ந்துவிடுகிறது. அதுவரை அடித்த கூத்தெல்லாம் அந்தத் தாழ்வுக்காகவே சேர்த்துவைத்தது போலிருக்கும். 2014 முதல் 2016 வரை வந்த மூன்று புதிய திரைப்படங்களில் குரல் கலைஞர்களை மாற்றினார்கள். இட்சுகிக்கு ஷிரைஷி மினோரு பேசினார். வரைகலை பல மடங்கு மேம்பட்டது. ஒரு முழுப் பருவத்தைச் சில மணிநேரப் படங்களுக்குள் சுருக்கியபோது பெட்ரோல் பங்க் அரட்டைதான் முதலில் வெட்டுப்பட்டது. அரட்டை போனால் இட்சுகியும் பாதி போய்விடுகிறான்.

2005இல் ஹாங்காங்கில் ஆண்ட்ரூ லாவும் ஆலன் மாக்கும் இயக்கிய நடிகர்கள் நடித்த படம் இதைவிட அடிப்படையான மாற்றம் ஒன்றைச் செய்தது. ஜே சௌ டகுமியாகவும் சாப்மன் டோ இட்சுகியாகவும் நடித்தார்கள். சாப்மன் டோ கைதேர்ந்த நகைச்சுவை நடிகர். காட்சிக்குக் காட்சி சிரிக்கவைக்கிறார். ஆனால் இந்த இட்சுகி பெட்ரோல் பங்க் முதலாளியின் மகன். மாங்காவில் அவன் மணிக்கூலிக்கு உழைத்துக் காசு சேர்ப்பவன். ஒரு பழைய காருக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவன். அவனுடைய ஆசைக்கு விலை இருந்தது. அந்த விலையைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போதுதான் 85 விஷயத்தில் அவன் ஏமாந்தது நமக்கு வலிக்கிறது. முதலாளி மகனாக்கியதும் அவன் ஆசை வெறும் அலட்டலாகிவிடுகிறது. 1990களின் ஜப்பானைப் பின்னணியில் வைத்தால் இந்த இழப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். பங்குச்சந்தையும் நிலவிலையும் சரிந்து, எளிதில் பணம் புரண்ட காலம் முடிந்திருந்தது. ரெட்சன்ஸின் தகாஹாஷி சகோதரர்கள், கெய்சுகேயும் அண்ணன் ரியோசுகேயும், மருத்துவமனை நடத்தும் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள். விலையுயர்ந்த கார்களை ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு எதிரே டோஃபுக் கடைக்காரர் மகனும் பங்க் பையனும் பத்தாண்டு பழைய டொயோட்டாக்களோடு நிற்கிறார்கள். டகுமியிடம் தெய்வத் திறமை இருப்பதால் வர்க்க இடைவெளி மறந்துபோகிறது. இட்சுகியிடம்தான் அது அப்படியே தெரிகிறது.

‘செகண்ட் ஸ்டேஜ்’ பருவத்தில் அவனுக்கு ஒரு காதல் வருகிறது. கசுமி என்ற அந்தப் பெண், லெவின் 86 ஓட்டும் வாடாரு அகியாமாவின் தங்கை. காதல் கைகூடாமல் போகிறது. கொஞ்சம் அவசரமாக எழுதிய பகுதி என்றாலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வைக்கிறது: அதுவரை டகுமியின் பந்தயங்களுக்குக் கைதட்டியவனின் துக்கத்துக்கு டகுமி துணையாக நிற்கிறான். அதே பருவத்தில்தான் அகாகி மலையில் எதிரணித் தலைவன் சுடோ கியோய்ச்சியின் லான்சர் எவல்யூஷன் காரைத் துரத்திப்போய் டகுமியின் 86 இன்ஜின் வெடிக்கிறது. அந்த இரவில் அவன் தவிக்கும் தவிப்பு, முதல் அத்தியாயத்தில் காரின் பெயரே தெரியாமல் நின்ற பையனுடையது இல்லை. காரை நேசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான்.

கற்றுக்கொண்ட பிறகு கதைக்கு இட்சுகி தேவைப்படவில்லை. பள்ளி முடிந்ததும் டகுமி சரக்கு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, ரியோசுகே தகாஹாஷியின் ‘புராஜெக்ட் டி’ அணியோடு மாவட்டம் மாவட்டமாகப் போகிறான். இட்சுகி அதே பங்கில் முழுநேர ஊழியனாகிறான். ‘ஃபோர்த் ஸ்டேஜ்’ முதல் அவன் தலைகாட்டுவதெல்லாம் இகெடானியோடும் முதலாளி யூயிச்சியோடும் நின்று வெளியூர்ப் பந்தயச் செய்திகளைக் கேட்டு வியக்கும் சிறு காட்சிகளில்தான். பிற்காலப் பருவங்களில் ஓட்டத் தொழில்நுட்பம் கூடுகிறது, எதிராளிகள் பெருகுகிறார்கள். ஆனால் பந்தயம் எதற்கு என்ற கேள்வி மங்கிவிடுகிறது. விளக்கம் சொல்லும் வேலையை ரியோசுகே எடுத்துக்கொள்கிறான். அவன் விளக்கம் துல்லியமானது; அதில் வியப்பு இல்லை. பிற்காலத் தொடர் இறுக்கமாகத் தெரிவதற்கு இதையே முதல் காரணமாகச் சொல்வேன். ஷிகெனோவின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பள்ளி முடிந்ததும் நண்பர்களில் ஒருவன் வெளியே போவதும் ஒருவன் ஊரிலேயே தங்குவதும் நடக்கிற விஷயம். தங்கியவன் கசந்துபோகாமல், போனவனைப் பற்றி வருவோர் போவோரிடமெல்லாம் பெருமை பேசுகிறான். அந்த நல்ல மனதை ஷிகெனோ கடைசிவரை கெடுக்கவில்லை.

தொடருக்கு வெளியே நடந்ததைப் பார்த்தால், உலகம் டகுமிகளால் நிறையவில்லை, இட்சுகிகளால் நிறைந்தது. செகா நிறுவனத்தின் ‘இனிஷியல் டி ஆர்கேட் ஸ்டேஜ்’ விளையாட்டரங்குகளுக்கு வந்தபோது, ஓட்டுநர் உரிமமே இல்லாத பிள்ளைகள் தங்கள் காரின் விவரம் பதிந்த அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு அகினாவில் இறங்கினார்கள். ஷிபுகாவா நகரம் இன்று தன் பாதாளச் சாக்கடை மூடிகளில் இந்தக் கதையின் படங்களைப் பொறித்து வரவேற்கிறது. கதையின் டோஃபுக் கடைக்கு மாதிரியாக இருந்த கடை இடிக்கப்பட்ட பின், அதன் முகப்பை இகாஹோ அருகே ஓர் அருங்காட்சியகம் மீண்டும் அமைத்து வைத்திருக்கிறது. டொயோட்டா 2012இல் கொண்டுவந்த பின்சக்கர இழுவைக் காருக்கு ‘86’ என்றே பெயர் வைத்தது. 2021இல் பழைய ஏஈ86க்கான சில உதிரி பாகங்களை மறுபடி தயாரிக்கப்போவதாக அறிவித்தது.

இந்த ரசிகர்களின் ஆசையே பழைய 86இன் விலையையும் ஏற்றிவிட்டது. மாங்கா தொடங்கிய 1995இல் அது பையன்கள் கூலி சேர்த்து வாங்கக்கூடிய பழைய வண்டி. இன்று சேகரிப்பாளர்களின் பொருள். நல்ல 86 கிடைக்காதவர்கள் 85ஐத் தேடிப்பிடித்து, அதே உடலில் 4ஏ-ஜிஇ இன்ஜினை இறக்கி 86 ஆக்கிக்கொள்கிறார்கள். இட்சுகி ஏமாந்து வாங்கிய மாடலை இன்று தெரிந்தே வாங்குகிறார்கள், அதுவும் பெட்ரோல் பங்க் சம்பளத்தில் எட்டாத விலை கொடுத்து.